ஸ்திரீபார்ட்டைப் பாத்து சேலை கட்டின ஊரு: பால கந்தர்வா, சுந்தரி, நடுவுல ஒரு அமெரிக்கக்காரர்

கேள்வி (வாசகர் ஒருத்தர்), பிப்ரவரி 3

அந்தக் கால நாடகத்துல ஆம்பளைங்க ஸ்திரீபார்ட், அதாவது பொம்பளை வேஷம், கட்டினதுக்கு ஒரே காரணம், பொம்பளைங்க நடிக்க வரல. ஆள் கிடைக்கல, இருக்கறவனுக்குச் சேலையைச் சுத்தி விட்டாங்க, கதை முடிஞ்சுது. இப்ப சில பேரு அதைப் பெரிய கலை, ஃபேஷன் புரட்சின்னெல்லாம் எழுதறாங்க. ஓவரா தெரியல?

பிப்ரவரி 3, இரவு 11:10

ஆள் கிடைக்கலங்கறது பாதிக் கதைதான். கல்கத்தாவுல பெங்கால் தியேட்டர்காரங்க 1873லயே நடிகைகளை எடுத்துட்டாங்க. பம்பாய்ல பார்சிக்காரங்க நடத்தின நாடகக் கம்பெனிகள்ல மேரி ஃபென்டன்னு ஒரு வெள்ளைக்கார அம்மா 1880கள்லயே சேலை கட்டி நம்ம ஊர்ப் பொண்ணா நடிச்சு கைதட்டல் வாங்கிட்டு இருந்துச்சு. நம்ம கும்பகோணத்துல பாலாமணி அம்மாள் கம்பெனி, முழுக்கப் பெண்கள், ராஜா வேஷமும் அவங்களே மந்திரி வேஷமும் அவங்களே, அதைப் பாக்க ரயில்காரன் தனி வண்டியே விட்டான்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அப்ப ஆள் இருந்திருக்கு.

ஆள் இருந்தும் ஜனங்க காசு குடுத்து, ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு யாரைப் பாத்தாங்கன்னா சேலை கட்டின ஆம்பளையை. ஆள் இல்லாத குறைக்குப் பிடிச்சுப் போட்டவன்னா, நடிகை கிடைச்ச மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கணுமே. அனுப்பலையே. அடுத்த முப்பது வருஷம் தலையில தூக்கி வச்சு ஆடினாங்க.

பிப்ரவரி 4, காலை

யாரு என்னன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நான் பொழப்புக்குப் புனே வந்து இங்கயே தங்கிட்ட மதுரைக்காரன். இங்க ஜங்லி மகராஜ் ரோட்டுல பால கந்தர்வ ரங்கமந்திர்னு ஒரு நாடக அரங்கம் இருக்கு, 1968ல திறந்தது. உள்ள ரெண்டு பெரிய ஆயில் பெயின்டிங். ஒண்ணுல ஒரு ஆம்பளை, இன்னொண்ணுல நகை நட்டோட ஒரு அம்மா. புதுசா வர்றவன் எல்லாம் புருஷன் பொண்டாட்டி போலன்னு நினைச்சுட்டுப் போவான். ரெண்டும் ஒரே ஆள்.

நாராயண் ஸ்ரீபாத ராஜஹன்ஸ், 1888ல பிறந்தவர், 1967ல போய்ச் சேந்தார். சின்னப் பையனா இருக்கும்போது பாட்டு கேட்டுட்டு திலகர்தான் பால கந்தர்வான்னு கூப்பிட்டார், அதுவே பேரா ஒட்டிக்கிச்சு. 1905ல கிர்லோஸ்கர் நாடக மண்டலியில சேந்து சகுந்தலை வேஷம் கட்டினார். 1911ல 'மானாபமான்'ல பாமினி, 1916ல 'சுயம்வர்'ல ருக்மணி, 1919ல 'ஏகச் பியாலா'வுல சிந்து. 1913லயே சொந்தக் கம்பெனி, கந்தர்வ நாடக மண்டலி.

மானாபமான் முதல் நாள், 1911 மார்ச் மாசம், அன்னைக்குதான் அவரோட குழந்தை செத்துப் போச்சு. ஆட்டத்தை நிறுத்தலாம்னு சொல்லியிருக்காங்க, மாட்டேன்னுட்டு ராத்திரி பாமினியா போய் நின்னார். இந்த ஊர்ல இந்தக் கதை தெரியாத ஆளே கிடையாது. எனக்கு இது வீரமா கொடுமையான்னு இன்னும் முடிவு பண்ண முடியல, கம்பெனி முதலாளிங்க வேற வழி வச்சாங்களான்னும் தோணும்.

பிப்ரவரி 4, மதியம்

ஃபேஷன் மேட்டருக்கு வரேன், கேள்வியே அதுதான.

பால கந்தர்வா சேலை கட்டற விதம், முந்தானையைத் தோள்ல விடற விதம், கொண்டையில பூச்சரம் சுத்தற விதம், மூக்குல நத்து உக்கார்ற இடம், இது எல்லாத்தையும் புனே, பம்பாய்ல நல்ல வசதியான வீட்டுப் பெண்கள் அப்படியே காப்பி அடிச்சாங்க. எங்க பில்டிங்ல ஒரு வயசான ஆஜி (மராத்தியில பாட்டி) இருந்தாங்க, புனே சதாசிவ் பேட்ல பிறந்து வளந்தவங்க. அவங்க அம்மா நாடகத்துக்குப் போனா கதையைப் பாக்க மாட்டாங்களாம், பார்டரைப் பாப்பாங்களாம். மறுநாள் கடைக்குப் போயி ரெண்டாவது அங்கத்துல ருக்மணி கட்டினாளே, அந்தக் கலர் இருக்கான்னு கேப்பாங்களாம். கடைக்காரனுக்கும் எந்த அங்கம், எந்தச் சேலைன்னு தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு சீரியல் நடிகை பேர்ல சேலை விக்கிறானே, அதே யாவாரம்தான், என்ன, கட்டினவருக்குத் தினம் ஷேவிங் பண்ணணும்.

பிப்ரவரி 4, இரவு

மேல எழுதினதை வண்டியில வரும்போது யோசிச்சுட்டே வந்தேன். ஏன் ஒரு ஆம்பளை ஃபேஷனுக்கு முன்மாதிரி ஆனார், அதான் நெஜமான கேள்வி.

எனக்குப் பட்டது இதுதான். 1910ல நல்ல குடும்பம்னு சொல்லிக்கிற வீட்டுப் பொண்ணு நாலு பேர் பாக்க அலங்காரம் பண்ணிட்டு நிக்க முடியாது. அவ ஃபோட்டோ போஸ்ட்கார்டுல வர முடியாது. வந்தா மானம் போச்சும்பாங்க. மேடையேறின நடிகையைப் பாத்து காப்பி அடிக்கலாமான்னா, அவ தாசி வீட்டுப் பொண்ணு, பாட்டுக்காரி வீட்டுப் பொண்ணுன்னு முத்திரை, அவளைப் போல உடுத்தினேன்னு எந்த வக்கீல் பொண்டாட்டியும் வெளிய சொல்ல மாட்டா. அப்ப புதுசா படிச்ச, கொஞ்சம் வெளிய வர ஆரம்பிச்ச பொண்ணு எப்படி நிக்கணும், எப்படி உக்காரணும், எந்த சேலைக்கு எந்த நகை, இதை ஊர் நடுவுல நின்னு காட்ட ஒரு உடம்பு வேணும், அதுல கெட்ட பேரும் ஒட்டக் கூடாது. பிராமண வீட்டுப் பையன், குரல் தேன், திலகரே பேர் வச்ச பிள்ளை. இவர் கட்டின சேலையை மாமியாரும் குறை சொல்ல முடியாது.

ஆள் கிடைக்காததால வந்தவர்னு சொல்றதை விட, வீட்டுப் பொண்ணு செய்ய முடியாததை அவளுக்காக மேடையில செஞ்சு காட்டினவர்னு சொல்றதுதான் எனக்குச் சரியா படுது.

பிப்ரவரி 5

"அப்ப ரவிவர்மா?"ன்னு கேட்டவருக்கு. கேக்க வேண்டிய கேள்விதான். 1894ல பம்பாய்ல அச்சகம் வச்சு லட்சுமி, சரஸ்வதி, தமயந்தின்னு அச்சடிச்சு வீட்டுக்கு வீடு தொங்க விட்டாச்சு, அதுலயும் நிறைய மராத்திச் சேலைதான். அந்தப் படத்தை மேடைக்காரன் பாத்தான், மேடையை ஓவியன் பாத்தான், ரெண்டையும் பெண்கள் பாத்தாங்க. எது முதல்லன்னு பிரிக்கப் போனா வேலைக்காகாது. ஆனா படம் அசையாது. அந்தச் சேலையோட எப்படி நடக்கறது, உக்காந்து எந்திரிக்கும்போது கொசுவத்தை எப்படி ஒதுக்கறது, இதுக்கு அசையற ஒரு ஆள் வேணும்.

அப்புறம் ஃபேஷன் எல்லாமே ஆம்பளை கண்டுபிடிச்சதுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. ரவிக்கை பாவாடையோட சேலை கட்டி வெளிய போற பழக்கத்தை வங்காளத்துல கொண்டு வந்தது ஞானதானந்தினி தேவி, தாகூர் வீட்டு மருமக, பம்பாய்ல இருந்தப்ப பார்சிப் பெண்களைப் பாத்துட்டு ஊருக்குக் கொண்டு போனது, அது 1860, 70கள்லயே. ஆக, சொந்தமா முடிவெடுக்க வசதி இருந்த பெண்கள் தாங்களே செஞ்சாங்க. அந்த வசதி இல்லாத லட்சம் பேரைப் பத்திதான் நான் பேசறேன்.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழிச்சு

குஜராத்தி மேடையை விட்டுட்டா பாவம். ஜெய்சங்கர்னு விஸ்நகர்ப் பையன், 1889ல பிறந்தவர். பம்பாய் குஜராத்தி நாடக மண்டலியில 1901ல 'சௌபாக்ய சுந்தரி'ன்னு ஒரு நாடகம், அதுல சுந்தரி வேஷம். பன்னண்டு வயசு. அன்னைக்கிலிருந்து சாகற வரைக்கும் ஜெய்சங்கர் 'சுந்தரி'தான். பட்டம் எல்லாம் இல்ல, வேஷத்தோட பேரே வீட்டுப் பேரு ஆயிடுச்சு. பம்பாய் குஜராத்திப் பெண்கள் இவர் மாதிரி கட்டறது, இவர் மாதிரி தலையைச் சாய்ச்சுப் பேசறதுன்னு இருந்திருக்காங்க. இவரும் சும்மா இல்ல, வீடுகள்ல பெண்களை உன்னிப்பா பாத்து அவங்க நடை பாவனையை எடுத்து மேடைக்குக் கொண்டு போனார். பெண்கள் கிட்ட எடுத்து, கொஞ்சம் மெருகு போட்டு, பெண்களுக்கே திருப்பிக் குடுத்திருக்கார். வட்டி இல்லாம.

பிப்ரவரி 7

"சேலை கட்டறது என்ன பெரிய வித்தையா"ன்னு ஒருத்தர். சார், நீங்க கட்டிப் பாத்ததில்ல.

காலேஜ்ல ஹாஸ்டல் டேக்கு என்னைப் பிடிச்சு பொம்பளை வேஷம் போட வச்சாங்க, ஒல்லியா இருந்ததுதான் நான் செஞ்ச ஒரே தப்பு. ஃப்ரெண்டோட அக்கா வந்து கட்டி விட்டாங்க. பாவாடை நாடாவை அவங்க இழுத்துக் கட்டின கட்டுல மூச்சு பாதியில நிக்குது, ஆனா லூசா விட்டா கொசுவம் மொத்தமா கழண்டு கால்ல விழும். ரவிக்கை கை மடக்க விடாது. தோள்ல, இடுப்புல, கொசுவத்துலன்னு ஊக்கு, ஒரு ஊக்கு திறந்துகிட்டு விலாவுல குத்திட்டே இருந்துச்சு, வசனம் பேசறப்ப எல்லாம் குத்தும். மேடைப் படியில ஏறும்போது ஓரத்தை மிதிச்சு முன்னாடி பாஞ்சுட்டேன், ஜனம் அதுக்குதான் அதிகமா சிரிச்சுது. பத்து நிமிஷ நாடகம் அது.

பால கந்தர்வா கட்டினது ஒன்பது கஜம், பட்டு, அதுல ஜரிகை கனம், அது மேல நகை. அதோட நின்னு ராகம் பாடணும். ஒரு பாட்டுக்கு வன்ஸ்மோர், ரெண்டு வன்ஸ்மோர்னு கேட்டுகிட்டே போவாங்க, ஆட்டம் விடியற வரைக்கும் இழுக்கும். கீழ தபலாவுல யாருன்னா அகமத்ஜான் திரக்வா, இந்துஸ்தானி தபலாவுல அவரைத் தாண்டி பேர் சொல்றது கஷ்டம். அப்பேர்ப்பட்ட ஆளு உக்காந்து வாசிக்கிற மேடை, இதை வெறும் வேஷம்னு சொல்லிட முடியுமா.

பிப்ரவரி 8, இரவு

காசு. யாரும் இதைத் தொடலையே.

இந்த அழகுக்கு எல்லாம் கம்பெனிதான் பில்லு கட்டுச்சு. அசல் பைத்தணிப் பட்டுச் சேலை, அசல் ஜரிகை, நல்ல அத்தர், நல்ல திரைச்சீலை. ஏகச் பியாலால சிந்து குடிகாரன் பொண்டாட்டி, கடைசியில மாவரைச்சுப் பிழைக்கிற ஏழை. அந்த ஏழைக்குக் கட்டின கிழிசல் சேலையும் பட்டுச் சேலையிலதான் ஒட்டுப் போட்டதுன்னு இங்க கிண்டலா சொல்லுவாங்க, உண்மையோ கதையோ, அவர் குணத்துக்குப் பொருந்துது. வசூல் கொட்டினப்பவே கடன் ஏறுச்சு, 1921 வாக்குல கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. ஜமீன்தார்கள், மகாராஜாக்கள் எல்லாம் நாங்க அடைச்சிடறோம்னு முன்ன வந்தாங்க, வேண்டாம்னுட்டு ஊர் ஊரா ஆடி ஆடியே அடைச்சார்.

அதே 1921ல திலகர் சுயராஜ்ய நிதிக்காக ரெண்டு போட்டிக் கம்பெனி சேந்து பம்பாய்ல மானாபமான் போட்டாங்க. கேசவராவ் போஸ்லே கதாநாயகன், இவர் பாமினி. வேடிக்கை என்னன்னா அந்த கேசவராவும் சின்ன வயசுல சாரதா வேஷம் கட்டிப் பேர் வாங்கினவர்தான். குரல் உடைஞ்சா ராஜபார்ட்டுக்கு, அதாவது ஆம்பளை வேஷத்துக்கு, மாறிடணும், அதுதான் வழக்கம், பையன்களை வச்சே நாடகம் போட்ட நம்ம பாய்ஸ் கம்பெனியிலயும் அதே. பால கந்தர்வா மட்டும் மாறவே இல்ல.

பிப்ரவரி 9

நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு நாலஞ்சு பேர் கேட்டாச்சு. இது பெரிய கடல், தனியா எழுதணும், சுருக்கமா சொல்றேன்.

பாய்ஸ் கம்பெனியில பையன்கள்தான் ஸ்திரீபார்ட். சிவாஜி முதல்ல போட்டதே சீதை வேஷம். மெட்ராஸ்ல 1891ல பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பிச்ச சுகுண விலாச சபாவுல எல்லாரும் படிச்ச, உத்தியோகத்துல இருந்த மனுஷங்க, காசுக்கு ஆடினவங்க இல்ல. அங்க கதாநாயகின்னா ரங்கவடிவேலு. பம்மல் கதாநாயகன், ரங்கவடிவேலு கதாநாயகி, இந்த ஜோடிக்குன்னே கூட்டம். ரங்கவடிவேலு 1923ல இறந்தப்ப பம்மல் ஒடிஞ்சே போயிட்டார். ஆனா புனே மாதிரி, ரங்கவடிவேலு சேலையைப் பாத்து மயிலாப்பூர் மாமிங்க மாறினாங்கன்னு சொல்ல என் கையில ஒண்ணும் இல்ல, அதனால சொல்லல.

எதிர்ப்பக்கமும் இருக்கு. கே.பி. சுந்தராம்பாள் மேடையில ஆம்பளை வேஷம் கட்டினவங்க. 1935ல 'நந்தனார்' படத்துல நந்தனாராவே நடிச்சு ஒரு லட்சம் ரூபா வாங்கினாங்க. அந்தக் காலத்து ஒரு லட்சம்.

பிப்ரவரி 9, மறுபடி

மீசை பத்தி யாரோ ஆரம்பிச்சு வச்சுட்டாங்க, இப்ப நிறுத்த முடியாது.

சினிமாக்காரர் பால்கே 1913ல ராஜா ஹரிச்சந்திரா படம் எடுக்கறப்ப தாராமதி (ஹரிச்சந்திரன் பொண்டாட்டி, நம்ம ஊர்ல சந்திரமதி) வேஷத்துக்குப் பெண்கள் கிடைக்காம அலைஞ்சார். கடைசியில ஒரு ஹோட்டல்ல வேலை பாத்துட்டு இருந்த சாலுங்கேங்கற பையனைப் பாத்தார், கை விரல் மெலிசா இருந்துச்சு, சம்பளம் மாசம் பத்து ரூபா, நான் பதினஞ்சு தரேன் வான்னு கூட்டிட்டு வந்துட்டார். இந்த இடத்துல மட்டும் முதல் கேள்வி கேட்டவர் சொன்ன "ஆள் கிடைக்கல" சரி. வேஷம் கட்ட வந்தவங்க மீசையை எடுக்க மாட்டேன்னு தகராறு, அப்பா உயிரோட இருக்கும்போது மீசையை எடுத்தா ஆகாதும்பாங்களே, அது. அதே சாலுங்கே 1917ல 'லங்கா தகன்'ல ராமரும் அவரே, சீதையும் அவரே. சீதைக்குக் கொஞ்சம் புஜம் ஜாஸ்தி.

சீனாவுல மெய் லான்ஃபாங்னு ஒருத்தர், பீக்கிங் ஓபராவுல பெண் வேஷத்துக்கு அவருக்கு மேல ஆள் இல்ல, 1930ல அமெரிக்கா போய் ஆடிட்டு வந்தவர். ஜப்பான்காரன் சீனாவுக்குள்ள வந்து ஊரைப் பிடிச்சப்ப அவனுக்கு முன்னாடி ஆட மாட்டேன்னு மீசை வளத்துட்டார். இனிமே என்னை எப்படி மேடை ஏத்துவேன்னு. நம்மாளு மீசையை எடுக்க மாட்டேன்னு சண்டை, அவரு வளத்து சண்டை.

பிப்ரவரி 11

அமெரிக்காவுல இதெல்லாம் எப்பன்னு கேட்ட தம்பிக்கு. கிட்டத்தட்ட அதே வருஷங்கள். ஜூலியன் எல்டிஞ்ச், 1881ல பிறந்தவர், அசல் பேர் வில்லியம் டால்டன். 1911ல விதவை வேஷம் கட்டின ஒரு இசை நாடகம் சக்கைப்போடு போட்டு, 1912ல நியூயார்க் 42வது தெருவுல அவர் பேர்லயே தியேட்டர் கட்டிட்டாங்க. கார்செட் விளம்பரம், தன் பேர்ல கோல்ட் கிரீம், பெண்களுக்கு அழகுக் குறிப்பு சொல்ற பத்திரிகை, எல்லாம் அவரே. கனத்த ஆளு, அவர் இடுப்பை இறுக்கி இழுத்துக் கட்டி விட ஷிமான்னு ஒரு ஜப்பான் உதவியாளர் கூடவே இருப்பார். இவனுக்கே இப்படி இடுப்பு வருதுன்னா எனக்கு வராதான்னு பெண்கள் வாங்கியிருப்பாங்க, விளம்பரத்துக்கு இதை விட என்ன வேணும்.

இங்கதான் ஒரு வித்தியாசம். எல்டிஞ்ச் ஆரம்பத்துல ஆட்டம் முடிஞ்சதும் டோப்பாவைக் கழட்டிக் காட்டுவார், பாத்துக்குங்க, நான் ஆம்பளைன்னு. வெளிய குத்துச்சண்டை போடறார், எவனையோ அடிச்சார், சுருட்டு பிடிக்கிறார்னு பத்திரிகையில செய்தி வர வைப்பாங்க. பால கந்தர்வாவுக்கு அந்தத் தலைவலியே கிடையாது. டோப்பாவைக் கழட்டிக் காட்ட அவசியமே வரல, எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் பிரச்சனை இல்ல.

பின்னாடி என்ன ஆச்சுன்னா 1930கள்ல அங்க போலீஸ் கெடுபிடி இறுகிப் போச்சு. 1940ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு கிளப்ல பெண் உடை போட்டு ஆடக் கூடாதுன்னு தடை. மனுஷர் கோட்டு சூட்டு போட்டுட்டு, தன்னோட கவுன்களைப் பக்கத்துல தொங்க விட்டு, ஒவ்வொண்ணா கையைக் காட்டிக் காட்டி அந்தந்த வேஷத்தைப் பேசி ஆடினாராம். மறு வருஷம் இறந்துட்டார். அந்த தியேட்டர் கட்டடம் மட்டும் இருக்கு. 1998ல அப்படியே பேத்து 42வது தெருவுலயே கொஞ்ச தூரம் நகத்தி வச்சு இப்ப சினிமா மல்டிப்ளெக்ஸ் வாசல் ஆக்கிட்டாங்க.

இங்கிலாந்து ஆளு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். வெஸ்டா டில்லி, பெண், ஆம்பளை வேஷம். அவங்க போடற கோட்டு, வெயிஸ்ட்கோட்டைப் பாத்து லண்டன் இளவட்டங்க தைச்சுக்குவாங்க. 1912ல ராஜா முன்னாடி நடந்த நிகழ்ச்சியில பேன்ட் போட்டுட்டு வந்து நின்னதும் ராணி மேரி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னு கதை. ராணிக்குப் பிடிக்காட்டி என்ன, தையல்காரனுக்குப் பிடிச்சிருந்தது.

பிப்ரவரி 12

"பால கந்தர்வா அப்படியா இப்படியா"ன்னு உள்பெட்டியில வந்து கேக்கறவங்களுக்குப் பொதுவுலயே சொல்லிடறேன். கல்யாணம் ஆனவர், குழந்தைங்க உண்டு. பின்னாடி கோஹர்பாய்னு பாட்டுக்காரம்மா கம்பெனிக்கு வந்தாங்க, அவங்களோட வாழ்ந்தார், 1951ல கல்யாணமும் பண்ணிக்கிட்டார். இதுக்கு மேல அவர் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு இருக்கற பேரை எடுத்து ஒட்ட எனக்கு இஷ்டமில்ல. சுந்தரி மட்டும் தன் வாழ்க்கைக் கதையில, முதல் தடவை ரவிக்கை போட்டுக் கண்ணாடியில பாத்தப்ப உள்ளுக்குள்ள ஒரு பொண்ணு அசையற மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். அதை அவர் வெக்கப்பட்டும் எழுதல, பெருமையடிச்சும் எழுதல, நடந்ததைச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார்.

பிப்ரவரி 14

போன வருஷம் ஊருக்குப் போனப்ப செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து, துகில் உரியும் ராத்திரி. இதெல்லாம் செத்துப் போன சமாச்சாரம்னு ஒருத்தர் மேல எழுதியிருக்கறதால சொல்றேன்.

வேஷம் கட்டற இடத்துக்குள்ள விட்டாங்க. பாஞ்சாலி வேஷக்காரருக்கு நாப்பது தாண்டியிருக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்துல கைக்கண்ணாடியை ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கிட்டு ஒரு தடவை வழிச்ச தாடியை மறுபடி எதிர்ப்பக்கமா வழிச்சார். அப்புறம் முகத்துல எண்ணெய், முத்துவெள்ளை, அரிதாரம். அவ்வளவு நேரமும் போன்ல யாரோடவோ கன்னுக்குட்டி விலை பேசிட்டு இருந்தார், குரல் கரகரன்னு. சவுரி முடி வச்சு, சேலை சுத்தி, மார்ல துணி வச்சு, கடைசியா பொட்டு வைக்கும்போது போனை வச்சிட்டார். எழுந்து நின்னப்ப முதுகு நிமிந்த விதமே வேற. எனக்கு டீ குடுக்க வந்த பையன் இவருக்கு மட்டும் "அம்மா, டீ"ன்னு நீட்டினான், கிண்டல் எல்லாம் இல்ல, சாதாரணமா. அவரும் வாங்கிக்கிட்டார்.

பிப்ரவரி 16

அப்ப ஏன் முடிஞ்சுது? பேசும் படம் வந்ததாலன்னு எல்லாரும் சொல்றது. சரிதான், ஆனா படம்கறதுக்காக மட்டும் இல்ல.

அதே தாராமதியை எடுத்துக்குங்க. 1913ல சாலுங்கே, ஆம்பளை. 1932ல பிரபாத் கம்பெனி அதே ஹரிச்சந்திரன் கதையை 'அயோத்யேச்சா ராஜா'ன்னு பேசும் படமா எடுத்தப்ப தாராமதி துர்கா கோட்டே. பெரிய இடத்துப் பொண்ணு, காலேஜ் வரைக்கும் போனவங்க, நல்ல குடும்பத்து மருமக. அவங்க நடிக்க வந்ததுல ஊர்ல பேச்சு எழாம இல்ல, ஆனா அந்தப் படம் ஓடின ஓட்டத்துல பேச்சு அடங்கிடுச்சு. மறு வருஷமே 1933ல நாட்டிய மன்வந்தர்னு ஒரு புது குரூப்பு மராத்தி மேடையில பெண் வேஷத்துக்குப் பெண்களையே நிறுத்துது, ஜோத்ஸ்னா போளே எல்லாம். நான் 4ந் தேதி எழுதினது இங்க வந்து பொருந்துது. நல்ல வீட்டுப் பொண்ணு முகத்தைக் காட்ட முடியாதுங்கற நிலைமை இருந்தவரைக்கும் அவளுக்குப் பதில் ஒரு ஆம்பளை தேவைப்பட்டார். அவளே வந்து நின்ன பிறகு பதில் ஆள் எதுக்கு.

பால கந்தர்வாவுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு, உடம்பும் போட்டுடுச்சு. 1935ல பிரபாத்ல 'தர்மாத்மா' படத்துல மராத்தி பக்தர் ஏகநாதரா, ஆம்பளையாவே நடிச்சார், ஒட்டவே இல்ல. மீராபாயா அவர் நடிச்சதையும் படமா பிடிச்சாங்க, அதுவும் போகல. மேடையில நாப்பதடி தள்ளி விளக்கொளியில தெரிஞ்ச ருக்மணி வேற, குளோசப்ல தெரியற தாடை வேற. கேமரா மாதிரி ஈவு இரக்கம் இல்லாத ஜந்து கிடையாது.

பிப்ரவரி 17

"அப்ப சுந்தரியும் அப்படித்தான் முடிஞ்சாரா"ன்னு கேட்டிருக்காங்க. இல்ல, அவர் கதை நல்லா போச்சு. 1932லயே மேடையை விட்டுட்டு விஸ்நகர் போயிட்டார். அப்புறம் அகமதாபாத்ல நட்மண்டல்னு ஒரு நாடகக் குழு, புதுத் தலைமுறைக்குச் சொல்லிக் குடுக்க அவரைக் கூப்பிட்டாங்க. 1953ல 'மேனா குர்ஜரி', கதாநாயகி தீனா பாடக், நீங்க எல்லாரும் இந்திப் படத்துல பாட்டியா பாத்தவங்கதான். அந்த நாடகத்துக்கு அவங்களைத் தயார் பண்ணினது சுந்தரி. பெண்கள் மேடையில எப்படி நடக்கணும், பானையை இடுப்புல எப்படி வைக்கணும், முந்தானையை எப்ப இழுக்கணும்னு ஒரு பொண்ணுக்கு ஒரு ஆம்பளை சொல்லிக் குடுக்கறார், அவங்களும் சந்தோஷமா கத்துக்கறாங்க.

இதைக் கேட்டு எங்க வீட்டம்மா சிரிக்குது, "எனக்கு இப்ப வரைக்கும் ஒன்பது கஜம் கட்ட வரல, அந்தாளு உயிரோட இருந்தா நான் போய்க் கத்துக்குவேன்"ங்குது.

பிப்ரவரி 17, இரவு

ஆறு கஜமா ஒன்பது கஜமான்னு கடைசியா கேட்டவருக்கு: பால கந்தர்வாவுக்குப் பெரும்பாலும் ஒன்பது, மராத்திக் கட்டு, கச்சம் வச்சு. நீங்க போட்ட ஃபோட்டோவுல நத்து வலது பக்கம் இருக்கு, பிரின்ட்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க. மராத்தியில நத்து இடது பக்கம் தான்.